நீலத் திரை அடிக்கடி வருதுங்களா? வீட்டுக் கம்ப்யூட்டருக்கான கேள்வி பதில்கள்

பல்லடம், சோமனூர், திருப்பூர் பக்கம் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். வேலை நடுவில் திரை முழுக்க நீலமாகி, தானே ரீஸ்டார்ட் ஆகிற தொல்லைக்காகத்தான் என்னை அதிகம் கூப்பிடுகிறார்கள். ஊர் மாறினாலும் கேட்கிற சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால். முழுக்கப் படித்து முடிக்கிற வரைக்கும் யாரிடமும் "பார்மட் அடிச்சுக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஏனுங்க, நீலத் திரை வந்துருச்சுன்னா கம்ப்யூட்டர் அவ்வளவுதானுங்களா?

அப்படியெல்லாம் இல்லை. விண்டோஸின் அடிமட்டத்தில் கெர்னல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரு தப்பு நடந்து, மேற்கொண்டு ஓடினால் உங்கள் ஃபைல்கள் கெட்டுப்போகலாம் என்கிற நிலை வந்தால், விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பாவு இழை அறுந்ததும் தானாக நின்றுகொள்கிற தறியை நினைத்துக்கொள்ளுங்கள். தறி நின்றது நல்லதுக்குத்தான். எந்த இழை அறுந்தது என்று தேடுவதுதான் நம் வேலை.

வருடத்துக்கு ஒருமுறை வந்தால் கவலைப்பட வேண்டாம். வாரத்தில் இரண்டு முறை வந்தால் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், குழந்தைகளின் போட்டோ, கணக்கு ஃபைல், பத்திர ஸ்கேன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ இன்றைக்கே எடுத்து வையுங்கள். காரணம் எதுவாக இருந்தாலும் இது முதல் வேலை.

எங்க வீட்ல நீலமா வரலைங்க, கருப்பாத்தான் வருது. ரெண்டும் ஒண்ணுங்களா?

எழுத்தோடு கருப்பாக வந்தால் இரண்டும் ஒன்றுதான். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதிருந்து நாம் பார்த்துப் பழகிய அழுமூஞ்சிப் படத்தை, 2025இல் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நிறமும் கருப்பாகிவிட்டது. அடியில் வரும் ஸ்டாப் கோடு (எந்த வகைக் கோளாறு என்று காட்டும் குறியீடு) மட்டும் அப்படியே இருக்கிறது.

எழுத்தே இல்லாமல் பொட்டென்று அணைந்து இருட்டானால் அது வேறு கதை. கரண்ட் பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

எழுத்தைப் படிக்கறதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆயிருதுங்க. என்ன வந்துச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதலில், திரை நிற்கும்படி செய்யுங்கள். தேடல் பெட்டியில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று அடித்துத் திறந்தால் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' என்று ஒரு பகுதி இருக்கும். அதன் செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும், போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வந்து போனதைப் பார்க்க, தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று அடியுங்கள். 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாகக் கட்டம் போட்டு, கோளாறு நடந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அதை அமுக்கினால் நேரமும் கோடும் தெரியும். இது எல்லா விண்டோஸிலும் இலவசமாக உள்ளே இருப்பது. நான் கேட்ட வீடுகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இதோடு ஒரு தாளும் வேண்டும். சோமனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அப்புச்சிதான் பகலில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருப்பார். பேரன் சொல்லிவிட்டுப் போனபடி, நீலத் திரை வரும்போதெல்லாம் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் மணியை எழுதி, திரையில் இருக்கும் எழுத்தைக் கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து வைத்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஒன்பது தாள். நான் அந்த வீட்டில் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. என்ன ஆயிற்று என்பதைக் கரண்ட் கேள்வியில் சொல்கிறேன். நீங்களும் தேதி, மணி, கோடு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான்கே விஷயம் எழுதி வையுங்கள்.

அந்தக் கோடு எதைச் சொல்லுதுங்க?

குற்றவாளியின் பெயரைச் சொல்லாது, எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று சொல்லும். 'மெமரி மேனேஜ்மென்ட்' (எண்ணாக வந்தால் கடைசியில் 1ஏ), 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' (50) இரண்டும் வந்தால் நான் முதலில் ரேமை (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) பார்ப்பேன். 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்று வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் (ஒரு சாமானை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர்) தொடக்கூடாத மெமரி இடத்தைத் தொட்டிருக்கும், சில நேரம் ரேமும் காரணமாகும். 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' (116) கிராபிக்ஸ் கார்டையும் அதன் டிரைவரையும் காட்டும்.

'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' (7ஏ) என்றால் டிஸ்க்கில் இருந்து படிக்க முடியவில்லை என்று பொருள். டிஸ்க்கோ, அதன் கேபிளோ, சில நேரம் ரேமோ. 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' (7பி) என்றால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கையே திறக்க முடியவில்லை. 'டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்' (133) வந்தால் ஏதோ ஒரு டிரைவர் குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கவில்லை. எஸ்எஸ்டி டிரைவர், எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேர் (அதற்கு உள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர்) இரண்டையும் பாருங்கள்.

'வீயா அன்கரெக்டபிள் எரர்' (124) மட்டும் தனி ரகம். பிராசசரே "என்னால் திருத்த முடியாத ஒரு வன்பொருள் பிழை நடந்துவிட்டது" என்று விண்டோஸிடம் சொன்னது அது. அதற்கு பார்மட் அடித்துப் பயன் ரொம்பக் குறைவு. வோல்டேஜ், சூடு, ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டி ஓட்டுவது), எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் மாற்றித் தரும் பெட்டி), பிராசசர், மதர்போர்டு என்று போக வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். ஐந்து முறை வந்ததில் ஐந்தும் ஒரே கோடு என்றால் பெரும்பாலும் ஒரு டிரைவரோ ஒரு பாகமோ. ஐந்துக்கும் ஐந்து வேறு கோடு என்றால் என் முதல் சந்தேகம் ரேம், அடுத்தது மின்சாரம். என் அனுபவத்தில் இது தப்பியது குறைவு.

கடைக்காரரு பார்மட் அடிச்சாச் சரியாயிரும்ங்கறாரு. அடிச்சிரலாமுங்களா?

வேண்டாம், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பார்மட் சாஃப்ட்வேர் கோளாறை மட்டும்தான் துடைக்கும். ரேம் கெட்டிருந்தால், அந்தக் கெட்ட ரேம் வழியாகத்தான் புது விண்டோஸும் டிஸ்க்கில் போய் உட்காரும். முதல் நாளே பாதி கெட்ட ஃபைல்களோடு ஆரம்பிக்கிறீர்கள். நாலு நாள் நன்றாக ஓடி, ஐந்தாவது நாள் மறுபடி நீலம். இதற்கே மூன்று முறை பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

இன்னொன்று, பார்மட் அடித்தால் மேலே சொன்ன ரிலையபிலிட்டி பதிவும் போய்விடும். கோளாறைக் கண்டுபிடிக்க இருந்த தடயம் அதோடு முடிந்தது. போட்டோவும் கணக்கும் போவது தனி.

மோட்டார் போட்டா வருதுங்க. கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?

நிறையவே இருக்கிறது. அப்புச்சி எழுதி வைத்த ஒன்பது தாளில் ஏழில் மணி காலை ஆறேகால், ஆறரை, இல்லாவிட்டால் சாயந்திரம் ஐந்தரை. கோடுகள் மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருந்தன. "அந்த நேரத்துக்கு வீட்ல என்னங்கப்புச்சி நடக்கும்?" என்று கேட்டேன். "தண்ணி எடுத்து உடுவமுங்க சாமி" என்றார். போர் மோட்டார் கிளம்பும்போது ஓட்டத்தில் இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு வயரிங் பழையது, கம்ப்யூட்டரும் மோட்டாரும் ஒரே லைனில். லைட் ஒரு கணம் மங்கும். அந்த மங்கலில் எஸ்எம்பிஎஸ் தடுமாறி, உள்ளே போக வேண்டிய 12 வோல்ட் சற்று ஆடிவிடும். எஸ்எம்பிஎஸ்ஸும் எட்டு வருடப் பழசு. மோட்டாருக்குத் தனி லைன் இழுத்து, எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிய பிறகு அங்கே நீலத் திரை வரவில்லை.

கோடே வராமல் பொட்டென்று அணைந்து திரும்பினால், நடந்ததையெல்லாம் விண்டோஸ் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி கிளம்பியது என்பதே அதன் பொருள். அதன் விவரத்தில் பக்செக் கோடு (ஸ்டாப் கோடுக்கு இன்னொரு பெயர்) 0 என்று இருந்தால், விண்டோஸுக்கு நீலத் திரை போடக்கூட நேரம் கிடைக்கவில்லை. ப்ளக் பாயிண்ட், பவர் கார்டு, யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ் என்று வெளியே இருந்து உள்ளே வரிசையாகப் பாருங்கள். சுவரில் தளர்ந்துபோன ப்ளக் பாயிண்ட் ஒன்றே காரணமாக இருந்த வீடுகளும் உண்டு.

யூபிஎஸ் இருக்குதுங்களே, அப்புறம் எப்படி?

பேட்டரி எப்போது மாற்றினீர்கள்? வீட்டு யூபிஎஸ்ஸில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி பொதுவாக இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். பச்சை லைட் எரிந்தாலும், மெயின் போனால் ஒரு நொடிகூடத் தாங்காத யூபிஎஸ்கள் எத்தனையோ. முக்கியமான ஃபைல் எதுவும் திறந்திருக்காத நேரத்தில் யூபிஎஸ்ஸின் மெயின் ப்ளக்கை அணைத்துப் பாருங்கள், கம்ப்யூட்டர் ஐந்து நிமிடம் ஓட வேண்டும். இன்வெர்ட்டர் மட்டும் இருக்கிற வீடு என்றால் அது கரண்ட் மாறும்போது எடுத்துக்கொள்கிற சிறு இடைவெளியே சில கம்ப்யூட்டர்களை விழ வைக்கும். யூபிஎஸ் மோட் உள்ள இன்வெர்ட்டரில் அந்த மோடைப் போட்டு வையுங்கள்.

சிபியு பெட்டியைத் தொட்டாச் சுர்ருங்குதுங்க. அது பரவால்லீங்களா?

பரவாயில்லை என்று விடக்கூடாது. எர்த் சரியில்லை என்பதற்கு அதுதான் அறிகுறி. மூன்று முள் ப்ளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் அடாப்டர் போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். அப்புறம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சோதிக்கச் சொல்லுங்கள். இது கம்ப்யூட்டரைவிட வீட்டில் இருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது. யூஎஸ்பியில் மாட்டுகிற சாமான்கள் திடீரென்று துண்டிக்கப்படுவதற்கும் மோசமான எர்த் காரணமாக இருக்கலாம்.

தறிக்குடோனுக்குப் பக்கத்துலதான் வீடு. பஞ்சு உள்ள போனா நீலத் திரை வருங்களா?

பஞ்சு சூட்டைக் கூட்டும். சூடு கூடினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால் நீலத் திரை இல்லாமலேயே அணைந்துவிடும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, மதர்போர்டில் பிராசசருக்கு மின்சாரம் தருகிற பகுதி இவை சூடானால் நீலத் திரை வரலாம். கரூர், ஈரோடு பக்கம் சித்திரை வெயிலில், சிமெண்ட் சீட் போட்ட ரூமில் மத்தியானம் மட்டும் வருகிறது என்றால் சூட்டைத்தான் சந்தேகப்படுவேன்.

பல்லடத்தில் ஒரு வீட்டில் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது பிராசசர் ஃபேனுக்கு அடியில் ஹீட்சிங்க் தெரியவே இல்லை. ஃபேனைத் தூக்கினால் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுத் திண்டு, விரல் தடிமனுக்கு, நம்டா மாதிரி அமுங்கி இறுகி இருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், ஹீட்சிங்கின் வரிகள் பதிந்த தடத்தோடு ஒரே துண்டாக வந்தது. காற்று எங்கே போகும்? பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசி இதே வேலையைச் செய்கிறது, அது இன்னும் சன்னம்.

சுத்தம் செய்வது இப்படி: ஷட்டவுன் செய்து, ப்ளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடியுங்கள். வாசலுக்கோ களத்துக்கோ தூக்கிக்கொண்டு போங்கள். ஃபேன் இறக்கையை விரலால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும். ஈரத்துணி வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், ப்ளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். நூல், பஞ்சுத் தொழில் நடக்கும் இடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். நான்கைந்து வருடம் ஆகியிருந்தால் தெர்மல் பேஸ்ட்டும் மாற்ற வேண்டும்.

ரேமை ரப்பர் போட்டுத் துடைச்சாப் போதும்ங்கறாங்க. நெசமாலுமா?

பல வீடுகளில் நெசம்தான். ரேமின் அடியில் இருக்கும் தங்க நிறப் பற்களில் படலம் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். மேலே சொன்னபடி மின்சாரத்தை முழுக்க எடுத்து, உங்கள் கையால் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பையும் தள்ளி ரேமை எடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர்த் துகள் ஒன்றுகூட இல்லாமல் பிரஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டையும் ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை அமுக்கி மாட்டுங்கள்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி இரண்டு நாள் ஓட்டுங்கள், அப்புறம் மற்றதை மட்டும் போடுங்கள். எந்த ரேம் இருக்கும்போது வருகிறது, எந்த ஸ்லாட்டில் வருகிறது என்று தாளில் ஏற்றுங்கள். ஸ்லாட் கெட்டு ரேம் நல்லதாக இருப்பதும் உண்டு. பழைய ரேமோடு செகண்ட்ஸ் ரேம் ஒன்று வாங்கிச் சேர்த்த பிறகு ஆரம்பித்தது என்றால் அதைக் கழற்றிப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

மெமரி டெஸ்ட்ல எர்ரர் எதுவும் வரலைங்க. அப்ப ரேம் நல்லா இருக்குதுன்னுதானே அர்த்தம்?

எர்ரர் வந்தால் கோளாறு உறுதி. வராவிட்டால் ரேம் நல்லது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். விண்டோஸ் உள்ளேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் மேலோட்டமானது. மெம்டெஸ்ட்86 என்று இலவசமாகக் கிடைப்பதைப் பென்டிரைவில் ஏற்றி, ராத்திரி படுக்கும்போது ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் வேண்டாம்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் சாஃப்ட்வேர்) எக்ஸ்எம்பி என்று ஒன்று போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். ரேமை அதன் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டுகிற ஏற்பாடு அது. நிறுத்தினதும் நின்றுவிட்டால் ரேம் வாங்க வேண்டியதில்லை, வேகத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் போதும்.

ஹார்டு டிஸ்க்தான் காரணம்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

நீலத் திரைக்கு முன்னால் மவுஸ் நகரும், ஆனால் எதுவும் திறக்காது, டிஸ்க் லைட் எரிந்துகொண்டே இருக்கும். இப்படி இருந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் உடல்நலக் குறிப்பைக் காட்டும். 'காஷன்' என்று மஞ்சளில் வந்தாலே ஃபைல்களை எடுக்கத் தொடங்குங்கள்.

வரிசை முக்கியம். முதலில் ஃபைல்களை வெளியே எடுக்க வேண்டும், அப்புறம்தான் டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க் ஓட்ட வேண்டும். சாகிற நிலையில் உள்ள டிஸ்க்கில் செக்டிஸ்க் மணிக்கணக்கில் ஓடும்போது மிச்ச உயிரும் போகலாம். டெஸ்க்டாப் என்றால் டிஸ்க் மாற்றும் முன் அதை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், மலிவான சாமான், பல தடவை அதுதான் காரணம்.

பில் பிரிண்டர் மாட்டுனதுக்கப்புறம்தானுங்க வருது. பிரிண்டரைத் திருப்பிக் குடுத்தரலாமுங்களா?

பிரிண்டர் நல்லதாகத்தான் இருக்கும், அதன் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். டிரைவர்கள் பலவும் கெர்னலுக்குள் போய் உட்கார்ந்து வேலை செய்பவை. சாதாரண சாஃப்ட்வேர் விழுந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், கெர்னலில் இருக்கும் டிரைவர் விழுந்தால் மொத்த விண்டோஸும் விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் பிழையான ஓர் அப்டேட்டால் உலகம் முழுக்க நீலத் திரை வந்ததே, அதுவும் இதே வகைதான். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். பிராசசரும் ரேமும் எதிலும் கெட்டிருக்கவில்லை.

டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாமானின் பிராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' இருந்தால் பழையதுக்குப் போங்கள். இல்லாவிட்டால் அன்இன்ஸ்டால் செய்து, சாமானைத் தயாரித்தவர்களின் தளத்தில் இருந்தே புதியதை இறக்குங்கள். கூடவே வந்த சிடியில் இருப்பது பல வருடப் பழசாக இருக்கும். எம்ப்ராய்டரி டிசைன் சாஃப்ட்வேருக்கு யூஎஸ்பி டாங்கிள் மாட்டுபவர்கள் அதன் டிரைவரையும் இப்படியே பார்க்க வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். டிரைவர்களைத் தானே புதுப்பித்துத் தருகிறேன் என்று வரும் இலவச சாஃப்ட்வேர்கள் பக்கம் போகாதீர்கள்.

கமாண்ட் அடிக்கறதெல்லாம் பயமா இருக்குதுங்க. விண்டோஸ் ஃபைலைச் சரி பண்ண வேற வழி இருக்குங்களா?

விண்டோஸ் 11இல் இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் 'ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்' என்று ஒரு பட்டன். விண்டோஸை மறுபடி இறக்கி மேலேயே போட்டுவிடும். உங்கள் ஃபைல், சாஃப்ட்வேர் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் ரேம், டிஸ்க் இரண்டையும் சோதித்த பிறகே இதைச் செய்யுங்கள், காரணம் பார்மட் கேள்வியில் சொன்னதுதான்.

விண்டோஸே திறக்கறதில்லைங்க, திரும்பத் திரும்ப நீலந்தான். என்ன பண்றது?

விண்டோஸ் சின்னம் வரும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரெகவரி திரை தானே வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4ஐ அமுக்கினால் சேஃப் மோடு. அதில் மிகத் தேவையான டிரைவர்கள் மட்டுமே ஓடும். சேஃப் மோடில் மணிக்கணக்காக விழாமல் ஓடினால், டிரைவரோ சாஃப்ட்வேரோதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பில் பிரிண்டர் கேள்வியில் சொன்ன டிரைவர் வேலையை இங்கிருந்தே செய்யலாம். சேஃப் மோடிலும் விழுந்தால் பெரும்பாலும் வன்பொருள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். ரெகவரிக்குப் போகும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். லேப்டாப் முதலில் திறந்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். பல வீடுகளில் அந்தக் கணக்கை வாங்கின கடையில் யாரோ உருவாக்கியிருப்பார்கள், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. கீ இல்லாவிட்டால் ஃபைல்களை யாராலும் மீட்க முடியாது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும் இன்றைக்கே கணக்கில் நுழைந்து அந்த 48 இலக்கத்தையும் தாளில் எழுதி, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

நீலத் திரையில ஒரு போன் நம்பர் வந்துச்சுங்க. கூப்புடலாமுங்களா?

கூப்பிடவே கூடாது. உண்மையான நீலத் திரையில் போன் நம்பர் வராது, பேச்சுச் சத்தமும் வராது. அது திரையை மறைத்து நிற்கும் ஒரு வலைப்பக்கம், பணம் பறிக்கும் கூட்டத்தின் வேலை. எஸ்கேப் கீயை அமுக்கிப் பிடியுங்கள், போகாவிட்டால் ஆல்ட்டும் எஃப்4உம் சேர்த்து அமுக்குங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

இன்னும் விண்டோஸ் 10தானுங்க வெச்சிருக்கறோம். அதனாலயா வருது?

அதனால் மட்டும் வராது. ஆனால் அதற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

மினிடம்ப் ஃபைலைப் பாருங்கன்னு பையன் சொல்றான். அது என்னங்க?

ஒவ்வொரு நீலத் திரையின்போதும் அந்த நொடியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதை விண்டோஸ் ஒரு சிறு ஃபைலில் எழுதி வைக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் இருக்கும். புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச சாஃப்ட்வேரில் திறந்தால் சந்தேகத்துக்குரிய டிரைவரின் பெயரை இளஞ்சிவப்பில் காட்டும். இன்னும் ஆழமாகப் பார்க்க மைக்ரோசாஃப்ட்டின் விண்டிபக் இருக்கிறது.

கெர்னலின் சொந்தப் பெயரே, அதாவது என்டிஓஎஸ்கேஆர்என்எல் என்று காட்டினால், அதைக் குற்றவாளி என்று நம்பிவிடாதீர்கள். விழுந்த இடம் அது, தள்ளியது வேறு யாரோ. ஃபோல்டர் காலியாக இருந்தால் அதுவும் ஒரு செய்திதான்: எழுதக்கூட நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கலாம், இல்லாவிட்டால் எழுத வேண்டிய டிஸ்க்கே பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எல்லாஞ் செஞ்சாச்சுங்க. கேம் ஆடுனாலோ வீடியோ எடிட் பண்ணுனாலோ மட்டும் வருது.

பளு ஏறும்போது மட்டும் வந்தால் மின்சாரம், சூடு, வோல்டேஜ் மூன்றும்தான். புதுக் கிராபிக்ஸ் கார்டு மாட்டியபோது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினீர்களா? ஆயிரம் ரூபாய்க்குள் பெட்டியோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் எழுதியிருக்கும் வாட்டை நான் நம்புவதில்லை. நண்பரிடம் நல்லது ஒன்று இருந்தால் ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் என்றால் கூடுதலாக ஒன்று. அவற்றில் பல மாடல்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் தேய்ந்துபோவதை இன்டெல்லே 2024இல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் அதற்கான மைக்ரோகோடு (பிராசசருக்கு உள்ளே ஓடும் சாஃப்ட்வேர்) திருத்தமும் வந்தது, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியும் கொடுத்தார்கள். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் இருந்து புது பயாஸ் போடுங்கள், அதில் அந்தத் திருத்தம் வரும். யூபிஎஸ் நன்றாக இருக்கும்போது மட்டும் பயாஸ் போடுங்கள், பாதியில் கரண்ட் போனால் போர்டு எழாது. திருத்தம் தேய்மானத்தை நிறுத்தும், ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. அப்போது பில்லை எடுத்துக்கொண்டு வாரண்டிக்குத்தான் போக வேண்டும்.

மதர்போர்டு போயிருச்சுங்கறாங்க. நம்பலாமுங்களா?

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். வேறு ரேம், வேறு எஸ்எம்பிஎஸ், வேறு டிஸ்க் மூன்றும் மாட்டிப் பார்த்தும் வந்தது என்றால் நம்பலாம். பிராசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளைக் காட்டச் சொல்லுங்கள். அவை கெப்பாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பணியாரம் மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அவர் சொல்வது சரி. வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னார், மாட்டிப் பார்க்கவில்லை என்றால், உங்கள் தாளில் இருக்கும் தேதிகளையும் கோடுகளையும் காட்டி, ரேமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போர்டு மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானாலும் டிஸ்க்கை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். போர்டை மாற்ற உங்கள் டிஸ்க் அவர்களுக்குத் தேவையில்லை.